மணல்மேட்டிலே மூட்டிய பொது அடுப்பு

கடற்கரையிலே அமைந்திருந்தும் மழை காணாத மாநகரம் ஒன்று உண்டு. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே 12 பாகையளவில் உள்ள லீமா நகரமே அது. பெரு நாட்டின் தலைநகர். தெற்கேயிருந்து கரையோரமாக ஓடிவரும் குளிர்ந்த நீரோட்டம் அடிக்காற்றைக் குளிரச்செய்து மேலெழவிடாது தடுத்துவிடுவதால், வானம் மாதக்கணக்காகச் சாம்பல் நிறத்திலே கவிந்து கிடந்தும் நிலம் நனைவதில்லை. குளிர்காலத்திலே பனிபோன்ற தூறல் சற்றே விழும். ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்து அளந்தாலும் ஓர் அங்குலத்தை எட்டாது. மாரியை நம்பி வானத்தை நோக்கி நிற்கும் எங்கள் கமக்காரருக்கு இது நம்புதற்கரிய செய்தியாகத் தோன்றலாம்.

ஆயினும் அந்நாடு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. எங்கள் கறிச்சட்டியிலே வேகும் உருளைக்கிழங்கு, அந்தீஸ் மலைச்சாரலிலே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே பயிராக்கப்பட்டது. ஸ்பானியர் கைப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் கீழ்த்திசைக்கு வந்து, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் அது வேரூன்றியது. உலகத்துக்கு இத்துணை பெரிய உணவொன்றை வழங்கிய நாட்டின் தலைநகரிலே மக்கள் பசியால் வாடினர் என்பதும், அப்பசியை அவர்கள் எவ்வாறு எதிர்த்து நின்றனர் என்பதுமே இங்கே சொல்லவந்த பொருள். வாசகர்கள் சிறிது நேரம் என்னுடன் மனத்தளவில் அந்த மணல் நகரத்தினூடே நடந்துவருமாறு வேண்டுகிறேன்.

அரசர்களின் நகரம்

லீமாவை 1535ஆம் ஆண்டிலே நிறுவியவன் பிசாரோ என்னும் ஸ்பானியப் படைத்தலைவன். ‘அரசர்களின் நகரம்’ என்று அதற்குப் பெயரிட்டான். அகன்ற சதுக்கமும், கோபுரங்கள் உயர்ந்த தேவாலயங்களும், மரத்தாற் செதுக்கிய மேன்மாடங்களும் இன்றும் அப்பழைய பெருமையை நினைவூட்டுகின்றன. 1940ஆம் ஆண்டளவில் அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர். இன்றோ அத்தொகை ஒரு கோடியளவை எட்டியுள்ளது.

இவ்வளவு மக்களும் எங்கிருந்து வந்தனர்? பெரும்பாலோர் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். அங்கே நல்ல நிலமெல்லாம் பெரும் பண்ணையாரின் கையில் இருந்தது. கல்வியும் வைத்தியமும் நகரத்திலே குவிந்திருந்தன. பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டும், தமக்கு ஒரு கூலி வேண்டும் என்று மூட்டை முடிச்சோடு வந்தவர்களுக்கு நகரத்தின் நடுவிலே இடமில்லை. எனவே நகரைச் சூழ்ந்த வறண்ட குன்றுகளிலும் மணல்வெளிகளிலும் நாணற்பாயினாற் கொட்டில் அமைத்துக் குடியேறினர். மழை இல்லாத ஊராகையால் பாய்க்கூரையும் ஒருவாறு போதுமானதாயிருந்தது. ஆனால் குடிநீர் இல்லை, விளக்கில்லை, பாதையில்லை.

மணலிலே எழுந்த ஊர்

இவ்வாறு எழுந்த குடியிருப்புகளுள் தலைசிறந்தது வில்லா எல் சல்வடோர் என்பது. ‘இரட்சகரின் ஊர்’ என்பது அப்பெயரின் பொருள். நகர நடுவிலிருந்து தெற்கே, கடலை அண்டிய பரந்த மணற்பரப்பிலே அது அமைந்திருக்கிறது.

1971ஆம் ஆண்டு ஏப்ரில் மாத இறுதியிலே, வீடற்ற சில நூறு குடும்பங்கள் பம்ப்லோனா என்னும் இடத்திலே வெறுமையாய்க் கிடந்த நிலத்தைப் பிடித்துக் குடியமர்ந்தன. சில நாட்களுக்குள் சில நூறு பல்லாயிரமாயிற்று. அவர்களை அகற்ற முயன்ற பொலிசாருடன் நிகழ்ந்த மோதலிலே ஓர் உயிர் போயிற்று. அவ்வேழைகளுக்காகப் பூசை நடத்திய லூயிஸ் பம்பரேன் என்னும் ஆயர் சிறையிடப்பட்டார். ஊரெங்கும் எழுந்த கண்டனத்தைக் கண்ட வெலாஸ்கோ அரசாங்கம், அம்மக்களை அதே ஆண்டு மே மாதத்திலே இந்த மணல்வெளிக்குக் கொண்டுசென்று, “இங்கே வாழுங்கள்” என்று விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலேயன்றி வேறொன்றில்லை. தண்ணீர் பவுசரில் வந்து தகரப் பீப்பாய்களிலே நிரப்பப்பட்டது.

மணலைப் பெற்ற மக்கள் அம்மணலை ஒழுங்குடன் பகிர்ந்துகொண்டமையே அவ்வூரின் முதற் சிறப்பு. இருபத்துநான்கு குடிநிலங்கள் சேர்ந்து ஒரு தொகுதி. அத்தகைய பதினாறு தொகுதிகள் சேர்ந்து ஒரு வட்டாரம். ஒவ்வொரு வட்டாரத்தின் நடுவிலும் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் உரிய வெளியொன்று விடப்பட்டது. பாடசாலை, சிறுவர் பள்ளி, மருந்தகம், சனசமூக மண்டபம், விளையாட்டிடம் என்பன அங்கே எழவேண்டும் என்பது திட்டம். 384 வீடுகள் ஒரு முற்றத்தை நோக்கி நிற்கும் காட்சியை மனத்திலே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியும் தன் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தது. அவர்கள் கூடி வட்டாரத்தை நடத்தினர். வட்டாரங்கள் கூடி ஊரை நடத்தின. தம்மிடம் ஒன்றுமே இல்லாமையால் எல்லாவற்றையும் தாமே ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பதே அவர்கள் ஏற்ற கொள்கை.

பாடசாலைக் கட்டடங்களை எழுப்புவதிலே பெற்றார் தாமே தோள்கொடுத்தனர். 1983ஆம் ஆண்டிலே அக்குடியிருப்பு தனி நகரசபையாக உயர்ந்தபோது, அதன் முதலாவது நகரபிதாவாகத் தெரிவானவர் மிச்செல் அஸ்குவேத்தா என்னும் பாடசாலை ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இச்செய்தி சிறிது மகிழ்ச்சி தருமென்பதை மறைப்பானேன்!

ஒரு பானையும் பல வீடுகளும்

ஒழுங்கான தெரு வந்துவிட்டதனாற் பசி ஓடிவிடுமா? 1970களின் பிற்பகுதியிலே பெரு நாட்டின் பொருளாதாரம் தளர்ந்தது. உணவுப் பொருள்களின் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. அந்நாட்டுக் கடலிலே பிடிபடும் நெத்தலியினத்து மீன் உலகப் பிரசித்தமானது. ஆனால் அதன் பெரும்பகுதி மாவாக அரைக்கப்பட்டு, பிறநாட்டுக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீனியாகக் கப்பலேறியது. கடல் நிறைய மீனிருந்தும் கரையிலே பிள்ளைகள் மெலிந்தனர். உணவு இல்லாமையும் உணவு கிட்டாமையும் வேறுவேறு என்பதை இதிலிருந்து மாணவர் உணர்ந்துகொள்ளலாம்.

வேலைநிறுத்தக் காலங்களிலே தொழிலாளரின் மனைவியர் ஒன்றுகூடிப் பொதுப்பானை வைத்துச் சமைக்கும் வழக்கம் அங்கே முன்னரே இருந்தது. அந்த வழக்கத்தையே நாளாந்த ஏற்பாடாக ஆக்கினால் என்ன என்ற எண்ணம், 1970களின் இறுதியில் லீமாவின் வடபாலுள்ள கொமாஸ் முதலிய ஏழைப் பகுதிகளிலே உருவாயிற்று. அதிலிருந்து பிறந்தவையே ‘மக்கள் உணவகங்கள்’.

அவை நடக்கும் முறை மிக எளிது. ஓர் அயலிலுள்ள இருபது முப்பது தாய்மார் ஒன்று சேர்கின்றனர். தலைவி, காரியதரிசி, பொருளாளர், களஞ்சியப் பொறுப்பாளர் ஆகியோரைத் தம்முட் தெரிவுசெய்கின்றனர். ஒருத்தியின் வீட்டு முற்றமே முதலிற் சமையற்கூடம். நாளுக்கு நாலைந்து பேர் முறைவைத்துச் சமைக்கின்றனர். விடியற்காலையிலே இருவர் சந்தைக்குப் போய் அரிசி, பயறு, கிழங்கு, மரக்கறி ஆகியவற்றை மொத்தமாக வாங்கி வருவர். நண்பகலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் சட்டியோடும் பாத்திரத்தோடும் வந்து, வீட்டிலுள்ள ஆட்களின் தொகைக்கேற்பச் சாப்பாட்டை வாங்கிச் செல்வர். ஒரு சூப்பும், சோற்றோடு ஒரு கறியும் கிடைக்கும்.

சாப்பாடு இலவசமன்று. அங்கத்தவருக்குக் குறைந்த விலை. வெளியாருக்குச் சற்றுக் கூடிய விலை. நோயாளர், கைவிடப்பட்ட முதியோர், தாய்தந்தையற்ற பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும் விலையில்லை. அத்தகையோர் யார் என்பதை அயலிலுள்ள அப்பெண்களே கூடித் தீர்மானிப்பர். அன்றைய வரவும் செலவும் அன்றே கொப்பியிலே பதியப்படும்.

இதிலுள்ள கணக்கைச் சற்றே கவனியுங்கள். முப்பது வீட்டிலே முப்பது அடுப்பு எரிந்தால் முப்பது வீட்டு மண்ணெண்ணெய் செலவாகும். ஒரு பெரிய அடுப்பு எரிந்தால் அதிலே சிறுபகுதி போதும். கைப்பிடியளவாகச் சில்லறைக் கடையிலே வாங்குவோர் கூடிய விலை கொடுக்கின்றனர். மூட்டையாக வாங்குவோர் குறைந்த விலை கொடுக்கின்றனர். ஏழையாயிருப்பதனாலேயே ஒருவன் பொருளுக்குக் கூடிய விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்பது உலகத்தின் கொடுமைகளுள் ஒன்று. அக்கொடுமையை அப்பெண்கள் கூட்டாக முறியடித்தனர். மேலும், ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை மட்டும் சமைக்கும் தாய்க்கு மற்றைய நாட்களிலே கூலிவேலைக்குச் செல்ல நேரம் கிடைத்தது.

பொருளெல்லாம் அவர்களின் கையிலிருந்தே வந்தது என்று சொல்லிவிட முடியாது. திருச்சபையின் உதவி நிறுவனங்களும் வெளிநாடுகளும் கொடுத்த அரிசி, எண்ணெய் முதலியனவும் அப்பானையிலே விழுந்தன. பின்னர் அரசாங்கமும் உதவியது. ஆனால் பானை யாருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. உண்பவளே நாளை சமைப்பவள். சமைப்பவளே கணக்குக் கேட்பவள். கொடுப்போர் ஒருபுறமும் கைநீட்டுவோர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் நிலை அங்கே எழவில்லை.

ஒரு கோப்பைப் பால்

1984ஆம் ஆண்டிலே லீமா மாநகரபிதாவாயிருந்த அல்போன்சோ பராந்தெஸ் என்பவர், நகரத்துக் குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு கோப்பைப் பால் வழங்கும் திட்டத்தைத் தொடக்கினார். பாலை வழங்குவது மாநகரசபை. அதைக் காய்ச்சிப் பகிர்ந்தளிப்பது தெருத்தோறும் அமைந்த தாய்மார் குழுக்கள். அவ்வாண்டு டிசெம்பரிலே ஆயிரக்கணக்கான தாய்மார் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்று, பால் பெறுதல் பிள்ளைகளின் உரிமையென்று சட்டம் இயற்றுமாறு கேட்டனர். 1985ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சட்டம் பிறந்தது. ஒரு நகரபிதாவின் நல்லெண்ணம் அவருடைய பதவியோடு போய்விடும். சட்டமோ நிலைக்கும் என்பதை அத்தாய்மார் நன்கறிந்திருந்தனர்.

சோதனைக்காலம் 1990ஆம் ஆண்டிலே வந்தது. அவ்வாண்டு விலைவாசி 7,000 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஓகஸ்ட் 8ஆந் தேதி இரவு, புதிதாகப் பதவியேற்ற புஜிமோறி அரசாங்கத்தின் நிதியமைச்சர் தொலைக்காட்சியிலே தோன்றி விலைக்கட்டுப்பாடுகளை நீக்குவதாக அறிவித்துவிட்டு, இறைவன் துணைபுரிவானாக என்று முடித்தார். ஒரே இரவிலே பெற்றோலின் விலை ஏறக்குறைய முப்பது மடங்காயிற்று. மறுநாட் காலையிலே கையிலிருந்த காசு காசாக இல்லை. அன்று லீமாவின் ஏழைகளைத் தாங்கி நின்றவை இப்பொது அடுப்புகளே. ஆயிரக்கணக்கான உணவகங்கள் அந்நகரிலே புகைந்தன. 1991ஆம் ஆண்டிலே அவ்வமைப்புகளை அங்கீகரிக்கும் சட்டமும் நிறைவேறியது.

அகப்பைக்கு எதிராகத் துப்பாக்கி

இனிச் சொல்லப்போவது துயரமான பகுதி. மரியா எலேனா மொயானோ என்பவர் 1958ஆம் ஆண்டிலே பிறந்தவர். வில்லா எல் சல்வடோரிலே மணல் மட்டுமே இருந்த காலத்திற் சிறுமியாக அங்கே வந்து சேர்ந்தவர். வளர்ந்தபின் சிறுவர் பள்ளியிலே கற்பித்தார். அவ்வூர்ப் பெண்களின் சம்மேளனத்துக்குத் தலைவியானார். பின்னர் உதவி நகரபிதாவாகவும் பதவி வகித்தார். மக்கள் உணவகங்களும் பாற்குழுக்களும் அச்சம்மேளனத்தின் கீழ் இயங்கின.

அக்காலத்திலே ‘ஒளிரும் பாதை’ என்னும் ஆயுதக் குழு பெரு நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. பசித்தவன் வயிறாறிவிட்டாற் புரட்சிக்கு வரமாட்டான் என்பது அக்குழுவினரின் எண்ணம். ஆகவே உணவகங்களை அவர்கள் பகைத்தனர். சம்மேளனத்தின் உணவுக் களஞ்சியம் 1991 செப்டெம்பரிலே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மொயானோ அஞ்சவில்லை. ஏழைகளின் பானையை உடைப்போர் ஏழைகளின் நண்பராக முடியாது என்று வெளிப்படையாகப் பேசினார். அரசபடைகள் செய்த கொடுமைகளையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. 1992 பெப்ருவரி 14ஆந் தேதி அக்குழு நகரமெங்கும் கதவடைக்கக் கட்டளையிட்டபோது, அதனை மீறி அவர் சமாதான ஊர்வலம் நடத்தினார். மறுநாள், அயலவர் நிதி திரட்டுவதற்காகக் கூடிய விருந்தொன்றிலே, தம் பிள்ளைகளின் முன்னிலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலையும் வெடிவைத்துச் சிதைத்தனர். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

அவரது இறுதி ஊர்வலத்திலே பெருந்திரளான மக்கள் நடந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அக்குழுவின் தலைவன் பிடிபட்டான். பானை உடையவில்லை, பொது அடுப்புகள் தொடர்ந்தும் எரிந்தன. போரின் கொடுமையை அறிந்த எங்களுக்கு, இரு துப்பாக்கிகளுக்கிடையே அகப்பையோடு நின்ற அப்பெண்ணின் நிலைமையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

குறையும் நிறையும்

மக்கள் உணவகம் குறையற்றதென்று சொல்வதற்கில்லை. துப்பாக்கி செய்ய முடியாததைச் சிலவேளை அரசியலாரின் சலுகை செய்தது. உணவுப் பொருளைக் கொடுத்து வாக்கைக் கேட்கும் வழக்கம் 1990களிலே வளர்ந்தபோது, பல உணவகங்கள் தம் சுதந்திரத்தை இழந்தன. சமைக்கும் பாரம் முழுவதும் பெண்களின் தோளிலேயே விழுந்தது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. மேலும், சோறு பசியைத் தணிக்கும், வறுமையை நீக்காது. வறுமை நீங்குவதற்குத் தொழில் வேண்டும்.

இதனையும் அவ்வூரார் உணர்ந்திருந்தனர். தொடக்கத்திலேயே மணற்பரப்பின் ஒரு பகுதியைக் கைத்தொழிலுக்கென ஒதுக்கிவைத்தனர். பின்னர் அங்கே சிறுதொழிற் பேட்டை அமைந்தது. இன்று வில்லா எல் சல்வடோரின் தச்சர் செய்யும் தளபாடங்களை வாங்க லீமாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் வாழும் அவ்வூருக்கு நகரின் மின்சார இரயிலும் வந்து சேர்கிறது. பாய்க்கொட்டில்கள் இருந்த இடத்திலே செங்கல் வீடுகள் நிற்கின்றன. 1987ஆம் ஆண்டிலே ஸ்பானிய நாட்டின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது அவ்வூருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் வறுமை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவி ஊரடங்கு வந்தபோது, நாட்கூலியை நம்பியிருந்தோர் ஒரு வாரத்திலேயே வெறுங்கையரானார்கள். உடனே லீமாவின் குன்றுச் சரிவுகளிலே மறுபடியும் பொதுப்பானைகள் ஏறின. அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. பல இடங்களிலே விறகடுப்பு, கூரையில்லை, தண்ணீர் விலைக்கு வாங்கியது. ஆனால் எவ்வாறு தொடங்குவது என்று யாரும் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பாட்டி செய்ததைப் பேர்த்தி செய்தாள். பசி திரும்பி வந்தது. அதை எதிர்க்கும் பழக்கமும் அதனுடன் திரும்பி வந்தது.

எங்கள் முற்றத்திலே

எங்கள் நாட்டிலும் பசியை அறியாதவர் இல்லை. 1970களிலே பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டிலே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கிற் காத்திருந்தோம். கொழும்பிலே சில இடங்களிற் பொதுச் சமையற்கூடங்கள் அப்பொழுது தோன்றின. அன்னதானம் எமக்குப் புதிதுமன்று. செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறோம். பசித்தோர் முகம் பார்த்துச் சோறிடுதல் எங்கள் சமயத்தின் உயிர்நாடி. அதன் சிறப்பு என்றும் குன்றாது.

ஆயினும் திருவிழா முடிந்த மறுநாளும் பசிக்கும். அந்த மறுநாளுக்கு ஒரு வழியை லீமாவின் தாய்மார் காட்டுகின்றனர். அவர்களிடம் அமுதசுரபி இருக்கவில்லை. இருந்தவை ஒரு பெரிய பானை, ஒரு முறைப்பட்டியல், ஒரு கணக்குக் கொப்பி ஆகிய மூன்றுமே. பானையை எவரும் கடையில் வாங்கிவிடலாம். முறைப்பட்டியலும் கணக்குக் கொப்பியும் அயலவர் ஒருவரையொருவர் நம்பினாலன்றி உண்டாகா. எங்கள் சனசமூக நிலையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அந்த நம்பிக்கைக்கு வேண்டிய ஏற்பாடுகள் பண்டே உள்ளன. பஞ்சம் வந்தபின் ஓடித்தேடாமல், நல்ல காலத்திலேயே அவற்றை நன்கு பேணி வருதல் எங்கள் கடமையாகும்.

அடுத்தமுறை உருளைக்கிழங்குக் கறி இலையில் விழும்போது, அது பிறந்த நாட்டிலே மணல்மேட்டின்மேல் எரிகின்ற அந்தப் பொது அடுப்பைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கையிலே யார் வீட்டு அடுப்பு இன்று எரியவில்லை என்று கேட்கும் எண்ணமும் அதனோடு உண்டாகுமாயின், இவ்வளவு தூரம் நாம் சேர்ந்து நடந்ததற்குப் பயன் கிடைத்ததாகும்.